1187-ஐத் திறந்து வைத்திருப்பது யார்

பூட்டக்கா என்ற பேரை யார் வைத்தார்கள் என்று அவளுக்கே தெரியாது. பல பேர் சேர்ந்து திறக்கிற ஃபைல்கள் சிக்கிக்கொண்டால் போய் விடுவிப்பது அவள் தொழில். "ஃபைல் பூட்டிக்கிச்சு, யாராவது தெரிஞ்சவங்க இருக்காங்களா?" என்று ஒரு அலுவலகம் இன்னொன்றைக் கேட்க, அது மூன்றாவதைக் கேட்க, போகப் போக பாதி ஊரின் செல்பேசியில் அவள் எண் பூட்டக்கா என்றே ஏறிவிட்டது. வருஷத்துக்கு இரண்டு பேராவது பீரோ திறக்கவில்லை என்று அவளைக் கூப்பிடுவார்கள். அவள் கோபித்துக்கொள்வதில்லை. பீரோ திறக்கிறவர் எண்ணைக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

அந்தத் திங்கட்கிழமை கூப்பிட்டது ஒரு செயற்கைக்கால் மையத்தின் வரவேற்புப் பெண்.

"அக்கா, ஒரு நாளைக்கு நாலு தடவை ஆறு கம்ப்யூட்டரையும் அணைச்சு அணைச்சுப் போடறேன். இப்ப எனக்கு அதுதான் முழுநேர வேலை. நடுவுல நேரம் கிடைச்சா நோயாளிகளைப் பார்த்துக்கறேன்."

"என்ன சொல்லுது?"

"வேற யாரோ பூட்டி வெச்சிருக்காங்கன்னு சொல்லுது. யாருன்னு கேட்டா சொல்ல மாட்டேங்குது."

மையம் ஒரு மாடிக் கட்டடம். வாசலை ஒட்டிக் கூடம், பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, நடந்து பழக இரண்டு நீளக் கம்பிகள், எதிரே ஆளுயரக் கண்ணாடி. கூடத்தை ஒட்டி டாக்டரம்மாவின் அறை. அங்கிருந்து ஒரு நீண்ட நடை பின்பக்கம் போய்ப் பட்டறையில் முடியும். பட்டறையில் எதைத் தொட்டாலும் விரலில் வெள்ளையாக மாவு ஒட்டும். சுவர் முழுக்க அலமாரி, அதில் வரிசையாக மாவுக்கட்டுக் கால்கள், ஒவ்வொன்றின் மேலும் பென்சிலில் ஒரு எண். டாக்டரம்மா முன்னால் அளவெடுப்பார். அவர் தம்பி பின்னால் காலைச் செய்வார். அளவு கணினி வழியாகத்தான் முன்னாலிருந்து பின்னால் போகும். வேறு எந்த வழியாகவும் போகாது என்பதைப் பூட்டக்கா போய்ச் சேர்ந்த அரைமணி நேரத்தில் தெரிந்துகொண்டாள்.

"டாக்டர், பட்டறைக் கம்ப்யூட்டரைப் பார்க்கணும். சார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடறீங்களா?"

"நீங்களே சொல்லிடுங்க," என்றார் டாக்டரம்மா, முகத்தைத் திருப்பாமல்.

வரவேற்புப் பெண் அவளை நடைக்குக் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தினாள். "ரெண்டு பேரும் பேசிக்கறதில்லைக்கா. ரெண்டு வருஷம் ஆகுது."

"எதனால?"

"அம்மா காலை ஆபரேஷன் பண்ணி எடுத்தப்போ."

அதற்கு மேல் பூட்டக்கா கேட்கவில்லை. அவளுக்கு அது ஒரு கொள்கை. பதினெட்டு வருஷமாக வக்கீல் அலுவலகம், மருத்துவமனை, பள்ளிக்கூடம் என்று எத்தனையோ பேருடைய ரகசியங்களை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றியிருக்கிறாள். கண் பார்க்கும், மனசு பார்க்காது என்று சொல்லிக்கொள்வாள்.

மூல ஃபைல் வரவேற்பு மேசைக்கு அடியில் இருந்த கணினியில் கிடந்தது. மற்ற ஐந்தும் அதைத்தான் திறந்தன. அவள் மண்டியிட்டு உட்கார்ந்து பார்த்தாள். இந்த மாதிரி டேட்டாபேஸை முதல் ஆள் திறந்த உடனே, அதன் பக்கத்தில் குட்டியாக இன்னொரு ஃபைல் முளைக்கும். உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்பதற்கான வருகைப் பதிவேடு அது. கடைசி ஆள் வெளியே போனதும் தானாக மறைந்துவிட வேண்டும். இங்கே அது மறையாமல் நான்கு மாதமாகக் குந்தியிருந்தது. நான்கு மாதம் முன்னால் யாரோ ஒரு ஜாக்கிரதைப் பேர்வழி, அந்த ஃபோல்டரில் எவரும் எழுதலாம், எவரும் எதையும் அழிக்கக் கூடாது என்று வைத்துவிட்டுப் போயிருந்தார். அழிக்க முடியாததால் பதிவேடு போகவில்லை. எப்போதோ வீட்டுக்குப் போனவர்களெல்லாம் இன்னும் உள்ளே இருப்பதாக அது நம்பிக்கொண்டிருந்தது.

அதைச் சரிசெய்தாள். ஆறு பேரும் ஒரே படிவங்களைப் பங்கு போட்டுக்கொண்டிருந்ததை மாற்றி, ஆளுக்கொரு படிவப் பிரதி கொடுத்தாள். அட்டவணைகளை மட்டும் மேசைக்கடியில் விட்டாள். மத்தியானம் ஒரு குளறுபடியும் இல்லை. வரவேற்புப் பெண் டீ வாங்கிக் கொடுத்தாள்.

மூன்று பத்துக்குத் திரையில் அந்த அறிவிப்புப் பெட்டி மறுபடியும் வந்தது. இந்தப் பதிவை வேறொருவர் பூட்டி வைத்திருக்கிறார்.

"சரி பண்ணிட்டேன்னு சொன்னீங்களேக்கா."

"பாதி பண்ணியிருக்கேன்."

அப்போது அந்தப் பதிவுக்குச் சொந்தக்காரர் எதிர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். ஒரு தபால்காரர். முழங்காலுக்குக் கீழே ஒரு கால் இல்லை. அந்த மாதத்தில் அது அவருக்கு மூன்றாவது வருகை. மிச்சக் கால் போய் உட்காருகிற கிண்ணத்துக்கு சாக்கெட் என்று பேர். அவர் இளைத்துப்போனதால் புது சாக்கெட் வேண்டியிருந்தது. டாக்டரம்மா அளவெடுத்து ஏற்றினார். அளவு பதிவாகவில்லை. அது தெரியாமல் பட்டறை பழைய அளவிலேயே புது சாக்கெட்டைச் செய்துவிட்டது. அதைப் போட்டு ஒரு வாரம் தபால் கொடுத்ததில் காலில் புண்.

"என் தப்பு ஏதாவது இருக்கா?" என்று அவர் பூட்டக்காவிடம் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார்.

"இல்லீங்க. உங்க நம்பர் என்ன?"

"1186."

வரவேற்புப் பெண்ணிடம் ஒரு நோட்டு இருந்தது. எந்தப் பதிவு எப்போது சிக்கியது என்று மூன்று மாதமாக எழுதி வைத்திருந்தாள். யாரும் அவளை எழுதச் சொல்லவில்லை. என்றைக்காவது யாராவது தன்மேல் பழியைப் போட்டால் காட்டுவதற்காக என்றாள். பூட்டக்கா அந்த நோட்டை மறுநாள் காலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முழுசாகப் படித்தாள். 1185. 1188. 1186. 1190. 1183. 1186. 1184. 1189. மையத்தில் மூவாயிரத்துச் சொச்சம் பதிவுகள். சிக்கியதெல்லாம் ஒரே தெருவில் அக்கம்பக்கத்து வீடுகள்.

பழைய முறைப் பூட்டுக்கு அப்படி ஒரு குணம். ஒரு பதிவை மட்டும் பூட்டத் தெரியாது, அது இருக்கும் பக்கத்தையே பூட்டும். ஒருத்தர் தன் வீட்டுக் கதவைச் சாத்தினால் தெருவே அடைபடுகிற மாதிரி. ஆக, இந்தத் தெருவில் யாரோ ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு மணிக்கணக்கில் உள்ளே உட்கார்ந்திருக்கிறார். அந்த வீட்டின் எண் நோட்டில் இருக்காது. பூட்டினவருக்குப் பெட்டி வராது.

அவள் நோட்டை மறுபடி பார்த்தாள். 1183-இலிருந்து 1190 வரை ஒரே ஒரு எண்தான் இல்லை.

"1187 யாரும்மா?"

வரவேற்புப் பெண் பேனா மூடியைத் திறந்து மூடினாள். "அது அம்மா."

"யாரோட அம்மா?"

"அவங்க ரெண்டு பேரோட அம்மா. மாடியில இருக்காங்க."

அந்த நேரத்தில் வருகைப் பதிவேட்டில் ஆறு பேர். 1187-ஐத் திறந்து வைத்திருந்தது டாக்டரம்மாவின் அறைக் கணினி. அரைமணி கழித்துப் பார்த்தபோது பட்டறைக் கணினி. இன்னும் கொஞ்ச நேரத்தில் மறுபடி டாக்டரம்மா. பூட்டை எடுக்க வேண்டுமானால் எது பூட்டுகிறது என்று பார்த்துத்தான் ஆக வேண்டும். பூட்டக்கா பதினெட்டு வருஷக் கொள்கையை ஓரமாக வைத்துவிட்டு, 1187-இன் குறிப்புக் கட்டத்தைத் திறந்தாள்.

கீழே போகப் போக முடியவில்லை. இரண்டு வருஷக் குறிப்பு. அம்மா என்ற சொல் எங்கும் இல்லை.

"நோயாளி இன்றும் காலை அணிய மறுத்தார். உள்விளிம்பு அழுத்துகிறதாம். — முன்னறை."

"உள்விளிம்பு மூன்று முறை தேய்க்கப்பட்டது. இனியும் தேய்த்தால் விளிம்பு என்று ஒன்று இருக்காது. — பட்டறை."

"நோயாளியின் சர்க்கரை 240. மாடியின் பின்பகுதிக்குப் போய் வந்த பிறகு. — முன்னறை."

"நோயாளி மகன் வீட்டில் இரண்டு பிஸ்கட் சாப்பிட்டார். மகள் வீட்டில் என்ன சாப்பிட்டார் என்பது பற்றிப் பட்டறையிடம் தகவல் இல்லை. — பட்டறை."

"மழை வருகிறது. பின்பக்க மாடிக் கதவு திறந்திருக்கிறது. — முன்னறை."

"மூடியாயிற்று. — பட்டறை."

"எனக்கு நாளை காய்ச்சல் இருந்தால் நோயாளியை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப்போக வேண்டும். — முன்னறை."

"நாளை ஏன் காய்ச்சல் இருக்க வேண்டும்? — பட்டறை."

"இன்றைக்கே இருக்கிறது. — முன்னறை."

"மாத்திரை வரவேற்பு மேசையில். சாப்பிட்ட பிறகு. — பட்டறை."

பூட்டக்கா படித்துக்கொண்டே போனாள். போன வருஷத்துப் பகுதியில் ஓரிடத்தில் டாக்டரம்மா ஒரே ஒரு வரி எழுதியிருந்தார். "அன்று உனக்குப் பதினொரு முறை போன் செய்தேன். — முன்னறை." அதற்குக் கீழே பதில் இல்லை. ஆறு நாள் கழித்து, "நோயாளியின் கால் உறை மாற்றப்பட்டது" என்று பட்டறை.

அவள் ஃபைலை மூடிவிட்டுப் பட்டறைக்குப் போனாள். தம்பி மாவு படிந்த மேலங்கியோடு ஒரு பிளாஸ்டிக் தகட்டைச் சூடான அடுப்பிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார். அதை ஒரு மாவுக்காலின் மேல் அழுத்திப் பிடித்து, அது ஆறுகிற வரைக்கும் அவரால் எதுவும் பேச முடியாது. ஆறியதும் கையுறையைக் கழற்றினார். அவர் கணினியில் பூட்டு ஏற்பாடு மற்ற ஐந்திலும் இருந்த மாதிரி இல்லை. மற்றதெல்லாம் திருத்த ஆரம்பித்ததுமே பூட்டும். அவருடையது பூட்டாது. எழுதி முடித்துச் சேமிக்கும்போதுதான் இதற்குள் வேறு யாராவது மாற்றிவிட்டார்களா என்று பார்க்கும்.

"சார், எழுதி முடிச்சதும் உங்களுக்கு ஒரு பெட்டி வருமா? மூணு பட்டன் இருக்குமே."

"வரும். அடிக்கடி வரும்."

"என்ன பண்ணுவீங்க?"

"மூணாவது பட்டனை அழுத்துவேன். பெட்டி போயிடும்."

"பெட்டி மட்டும் இல்ல சார். நீங்க எழுதினதும் போயிடும்."

அவர் கையுறையை மேசைமேல் வைத்தார். பிறகு அதை எடுத்து இன்னோர் இடத்தில் வைத்தார்.

"எத்தனை நாளா?"

"பெட்டி வந்தப்பல்லாம்."

"அவ அதையெல்லாம் படிக்கவே இல்லையா?"

"படிக்கிறதுக்கு அங்க எதுவும் இருந்திருக்காது சார்."

தம்பி அலமாரியில் இருந்த மாவுக்கால்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஒண்ணு மட்டும் எடுத்துத் தர முடியுமா? போன வருஷம் எழுதினது. நாலு வரி."

"சேவ் ஆகாததை எடுக்க முடியாது சார். திரும்ப எழுதலாம்."

"திரும்ப எழுதற மாதிரி விஷயம் இல்ல அது," என்றார் அவர்.

செய்ய வேண்டிய வேலை என்னவென்று பூட்டக்காவுக்கு இப்போது தெளிவாகத் தெரிந்தது. பூட்டைப் பக்கத்திலிருந்து தனிப்பதிவுக்கு மாற்ற வேண்டும். ஆறு கணினியிலும் ஒரே ஏற்பாடு வைக்க வேண்டும். குறிப்புகளைப் பதிவிலிருந்து பிரித்துத் தனி அட்டவணைக்குக் கொண்டுபோக வேண்டும், ஒவ்வொரு குறிப்பும் தனி வரி, அப்போது எவரும் எவரையும் மறிக்க மாட்டார்கள். ஒரு மணி நேர வேலை. ஆனால் அந்த ஒரு மணி நேரம் ஃபைலை அவள் மட்டும்தான் திறந்திருக்க வேண்டும். ஆறு பேரும் வெளியே போக வேண்டும்.

வேலை செய்யும் முன் என்ன கோளாறு என்று சொந்தக்காரருக்குச் சொல்வதும் அவள் வழக்கம். டாக்டரம்மாவிடம் போய் ஒன்றுவிடாமல் சொன்னாள். மூன்றாவது பட்டன் வரைக்கும்.

டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப அவன் எழுதினது எது எது போச்சு?"

"எதுன்னு சொல்ல முடியாது டாக்டர். பதில் இல்லாத இடத்துல பதில் இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம்."

"ம்."

"புதன்கிழமை காலையில பத்து மணிக்கு எல்லாரும் ஃபைலை மூடிட்டா நான் முடிச்சிடுவேன்."

"மூடிடறேன். போகும்போது கதவைச் சாத்திட்டுப் போங்க."

புதன்கிழமை பத்து மணிக்கு நான்கு கணினிகள் வெளியே வந்தன. இரண்டு வரவில்லை. பத்தரைக்கும் வரவில்லை. பதினொன்றுக்கு அவள் டாக்டரம்மாவின் அறையை எட்டிப்பார்த்தாள். டாக்டரம்மா 1187-இன் குறிப்புகளை முதல் நாளிலிருந்து படித்துக்கொண்டிருந்தார். பதில் இல்லாத இடம் வந்தபோதெல்லாம் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொண்டே வந்தார். அந்தக் கேள்விக்குறிகள்தான் பதிவைப் பூட்டி வைத்திருந்தன. பூட்டக்கா நடையைக் கடந்து பட்டறைக்குப் போனாள். அங்கே தம்பி இரண்டு விரலால் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். நேற்று அவள் அவர் கணினியிலும் சரியான ஏற்பாட்டை வைத்துவிட்டுப் போயிருந்ததால் அவருக்குத் திருத்தவே இடம் கிடைக்கவில்லை. திரையிலேயே வேறொரு வெற்றுத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு அக்கா வெளியே வரட்டும் என்று காத்திருந்தார்.

"சார், மூடினீங்கன்னா—"

"அவ மூடட்டும். இதை ஒட்டிட்டு மூடிடறேன்."

அவள் திரும்பவும் முன்னறைக்கு.

"டாக்டர், மூடினீங்கன்னா—"

"அவன் மூடிட்டானா?"

"நீங்க மூடினா மூடறேங்கறார்."

"அவன் மூடட்டும். நான் இன்னும் போன வருஷத்தைத் தாண்டல."

நடை முப்பத்திரண்டு அடி நீளம். பூட்டக்கா அதை ஆறு முறை நடந்தாள். உள்ளபடி நிலவரத்தைச் சொன்னது தன் தப்புதானோ என்று அவளுக்கு முதல்முறையாகத் தோன்றியது. ஒன்றும் சொல்லாமல் இருந்திருந்தால் இரண்டு பேரும் எப்போதோ வெளியே வந்திருப்பார்கள். கூடத்தில் தபால்காரர் நான்காவது முறையாக வந்து உட்கார்ந்திருந்தார். அவர் அவளைப் பார்த்துச் சிரித்தார். அது அவளுக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

அந்தப் பதிவு யாருடையதோ அவரிடமே போய்க் கேட்டால் என்ன என்று அவள் மாடியேறினாள். முன்பகுதியில் அக்கா குடும்பம், பின்பகுதியில் தம்பி, நடுவில் அம்மாவின் அறை, இரண்டு பக்கமும் கதவு. அவள் தட்டினாள். உள்ளே காலடிச் சத்தம் கேட்டது. சீரான சத்தம். வேலைக்கு வைத்திருக்கும் பெண்ணாக இருக்கும் என்று நினைத்தாள்.

கதவைத் திறந்தது அம்மா. கையில் பூவாளி. இரண்டு காலிலும் நின்றுகொண்டிருந்தார். இடது காலில் செயற்கைக்கால், அதன் மேல் சுத்தமான உறை. ஜன்னல் ஓரத்துத் தொட்டிகளில் பாதிக்குத் தண்ணீர் விட்டாயிருந்தது.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உள்ள வாம்மா," என்றார் அம்மா. "கதவைச் சாத்து முதல்ல."

பூட்டக்கா சாத்தினாள். "நீங்க கால் போட மாட்டீங்கன்னு எழுதியிருக்கு."

"யாரு எழுதினது?"

"ரெண்டு பேரும்."

"அழுத்துதுன்னு எழுதியிருப்பாங்களே."

"உள்விளிம்பு."

அம்மா நாற்காலியில் உட்கார்ந்து தன் காலைத் தட்டினார். "எம்பையன் செஞ்சது எங்கயும் அழுத்தாது. எட்டாம் நாளே நடந்துட்டேன். நல்லாயிருக்குன்னு சொல்லியிருந்தா அவன் வேலை அதோட முடிஞ்சிருக்கும். அவ வேலையும் முடிஞ்சிருக்கும். அப்புறம் ரெண்டு பேரும் எதைப்பத்தி எழுதிப்பாங்க? அதனால வாரத்துக்கு ஒரு இடத்துல வலிக்கும்னு வெச்சுக்கிட்டேன். எழுதிக்கறாங்கன்னு கீழ இருக்கிற பொண்ணு சொல்லும். அது ஒரு நிம்மதி."

"ரெண்டு வருஷமாவா?"

"பகல்ல ரெண்டு பேரும் கீழ போனப்புறம்தான் நடப்பேன். சாயங்காலம் கழட்டி வெச்சிடுவேன். கஷ்டம் ஒண்ணும் இல்ல. எங்க வலிக்கும்னு புதுசா கண்டுபிடிக்கறதுதான் கஷ்டம். போன வாரம் சொன்ன இடத்தையே மறுபடி சொல்லிட முடியாது பாரு."

பூட்டக்கா தனக்குத் தெரிந்த ஒரே வழியில், உள்ளதைச் சொன்னாள். 1187 திறந்திருக்கிற வரைக்கும் பக்கத்துப் பதிவுகள் எதுவும் பதிவாகாது என்றாள். தபால்காரரின் அளவு அப்படித்தான் தொலைந்தது என்றாள்.

"அதனால அவருக்கு என்ன?"

"பழைய அளவுல செஞ்சுட்டாங்க. கால்ல புண்ணு."

அம்மாவின் முகம் மாறியது. "எத்தனை நாளா?"

"ஒரு மாசமா அலையறார். கீழதான் உட்கார்ந்திருக்கார்."

அம்மா பூவாளியைக் கீழே வைத்தார். "இந்தப் பக்கத்துல வந்து நில்லு. பிடிக்க வேணாம், பக்கத்துல இருந்தா போதும். படியிறங்கிப் பழக்கமில்ல."

இருபத்திரண்டு படி. ஏழாவது படியில் ஒரு தடவை நின்றார். கீழே இறங்கிக் கூடத்துக்கு வந்ததும் வரவேற்புப் பெண் எழுந்து நின்றாள், எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தாள். அம்மா நேராகத் தபால்காரரிடம் போய், "மன்னிச்சுக்குங்க, என்னாலதான்," என்றார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "பரவாயில்லீங்க," என்றார்.

பிறகு அம்மா நடையில் திரும்பிப் பட்டறையை நோக்கி நடந்தார். குரல் கேட்டு ஒரு முனையில் டாக்டரம்மா வெளியே வந்தார். மறுமுனையில் தம்பி. முப்பத்திரண்டு அடி நடையின் நடுவில் அவர்கள் அம்மா, நோயாளி எண் 1187, இரண்டு காலில் நடந்துகொண்டிருந்தார்.

முதலில் வாய் திறந்தது தம்பி. "இடுப்பு இடப்பக்கம் சாயுது."

"சாயல. அது பயம். பழக்கமில்லாத தரை," என்றார் டாக்டரம்மா.

"ரெண்டு மில்லிமீட்டர் உயரம் குறையுது. இங்கருந்து தெரியுது."

"அங்கருந்து எல்லாம் அப்படித்தான் தெரியும். பக்கத்துல வந்து பாரு."

தம்பி பக்கத்தில் வந்து பார்த்தார். டாக்டரம்மாவும் வந்தார். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து ஒரு செயற்கைப் பாதத்தை உற்றுப் பார்த்தார்கள். இரண்டு வருஷம் கழித்து முதல்முறையாகப் பேசிக்கொள்கிறோம் என்பது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்திருக்க வேண்டும். இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

"அது கிடக்கட்டும்," என்றார் அம்மா. "முதல்ல ரெண்டு பேரும் அந்த ஃபைலை மூடுங்க. வெளிய ஒருத்தர் புண்ணோட உட்கார்ந்திருக்கார்."

"நான் ஒண்ணு ஒட்டணும்," என்றார் தம்பி.

"என்ன ஒட்டணும்? அவ எதிர்லதான் இருக்கா. வாயால சொல்லு."

தம்பி பட்டறைக்குள் போய்த் தன் கணினி முன்னால் நின்றார். அம்மா அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்தார். டாக்டரம்மா நிலைப்படியில் நின்றுகொண்டார். பூட்டக்கா போய்விடலாமா என்று யோசித்தாள். போக வேண்டுமானால் டாக்டரம்மாவை நகரச் சொல்ல வேண்டும். அதனால் மாவுக்கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தம்பி திரையைப் பார்த்து, பள்ளிக்கூடத்தில் பாடம் படிக்கிற மாதிரி எழுத்துக்கூட்டி வாசித்தார். "பயிற்சி நடந்த அறைக்கு வெளியே போனை வாங்கி வைத்துவிட்டார்கள். மாலையில்தான் பதினொன்றையும் பார்த்தேன். ஆபரேஷனுக்கு நீ கையெழுத்துப் போட்டது சரி. நான் அங்கே இருந்திருந்தாலும் போட்டிருப்பேன்." ஒரு நொடி நிறுத்தினார். "பட்டறை," என்று அதையும் வாசித்தார்.

டாக்டரம்மா எட்டித் திரையைப் பார்த்தார்.

"இதைப் போன வருஷமே எழுதினியா?"

"போன வருஷமே. இன்னும் நல்லா எழுதியிருந்தேன்."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேலங்கியின் ஓரத்தில் துடைத்தார். பட்டறையில் துடைத்தால் கண்ணாடியில் மாவுதான் ஏறும். துடைக்கத் துடைக்க மங்கலானது. "சரி," என்றார். "ஃபைலை மூடு. நானும் போய் மூடறேன்."

வருகைப் பதிவேடு பதினொன்று ஐம்பத்தைந்துக்கு மறைந்தது. பூட்டக்கா மேசைக்கடியில் மண்டியிட்டு, தனியாளாக ஃபைலைத் திறந்தாள். முதலில் ஒரு பிரதி எடுத்து வைத்தாள். பூட்டைத் தனிப்பதிவுக்கு மாற்றினாள். குறிப்புகளைப் பிரித்துத் தனி அட்டவணைக்குக் கொண்டுபோனாள். 1187-க்கு மட்டும் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு வரி வந்தது, டாக்டரம்மாவின் கேள்விக்குறிகள் உட்பட. நாற்பத்தெட்டு நிமிஷம் ஆனது. ஆறு கணினியிலும் ஆறு பேரை உட்கார வைத்து, கையைத் தூக்கி, ஒரே நேரத்தில் எழுதச் சொன்னாள். டாக்டரம்மா தபால்காரரின் புது அளவை ஏற்றினார். பட்டறையில் வேலைச் சீட்டு அச்சாகி விழுந்தது. தம்பி சீட்டோடு நடை வழியாக முன்னால் வந்து, அளவைத் தபால்காரரின் காலிலேயே இன்னொரு தடவை எடுத்துச் சரிபார்த்தார். அது வரை அந்த மையத்தில் அப்படி ஒரு வழக்கம் இல்லை.

ஒரு மாதம் கழித்து, எல்லாம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க அவள் மறுபடி போனாள். ஓடியது. பெட்டி ஒரு தடவைகூட வரவில்லை. தபால்காரரின் புண் ஆறிவிட்டது, போன வாரமே வேலைக்குப் போய்விட்டார் என்றாள் வரவேற்புப் பெண். பாதத்தில் இரண்டு மில்லிமீட்டர் ஏற்றியாயிற்று, அது தேவையா இல்லையா என்பதில் இன்னும் முடிவு ஏற்படவில்லை. புது அட்டவணையில் 1187-க்கு ஒரு மாதத்தில் மொத்தம் மூன்று வரி. மூன்றும் அளவு.

"ஆனா சத்தம் தாங்கலக்கா," என்றாள் வரவேற்புப் பெண். "முன்ன எவ்வளவு அமைதியா இருக்கும். இப்ப நடையில நின்னுட்டே பேசறாங்க, இல்லன்னா நடையோட ரெண்டு முனையில இருந்தும் கத்தறாங்க. போன் வந்தா எனக்குக் காது கேக்க மாட்டேங்குது."

"அது என் வேலையில வராதும்மா," என்றாள் பூட்டக்கா.

சாயங்காலம் அவள் கிளம்பியபோது, அவளுக்கு முன்னால் மூன்று பேர் வாசலைத் தாண்டிப் போனார்கள். நடுவில் அம்மா, ஒரு பக்கம் மகள், மறுபக்கம் மகன். தெரு முனை வரை போய்த் திரும்புவது அன்றைய பயிற்சி. இரண்டு பேரும் அடிகளை எண்ணிக்கொண்டே போனார்கள். ஒருவர் எழுபத்திரண்டு என்றார், இன்னொருவர் எழுபது என்றார். நின்ற இடத்தில் எடுத்து வைத்த இரண்டு அடி கணக்கில் சேருமா என்று விவாதம் நடந்தது. அம்மா இரண்டு பேரையும் கவனிக்காமல் கடை ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டு நடந்தார்.

நடைபாதை குறுகல். மூன்று பேரும் அதை அடைத்துக்கொண்டு போனதில் தாண்டிப் போக வழியில்லை. நகரச் சொல்லியிருக்கலாம். பூட்டக்கா சொல்லவில்லை. பையைத் தோள் மாற்றிக்கொண்டு, அவர்கள் வேகத்துக்குப் பின்னாலேயே நடந்தாள். அவளுடைய பேருந்து வந்து, நின்று, போனது. அடுத்தது இருபது நிமிஷத்தில் வரும்.